டீக்கடை வழியாக வந்த உலகம்

எங்கள் ஊருக்குத் தினமும் இரண்டு செய்தித்தாள்கள் வந்தன. ஒன்று டீக்கடைக்கு, இன்னொன்று முடிவெட்டும் கடைக்கு. இரண்டு இடத்திலும் பெண்கள் போய் உட்கார முடியாது. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு நான் அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 1991-ஆம் ஆண்டில், உலகத்துக்கும் எனக்கும் நடுவே இருந்த தடை அவ்வளவுதான்: ஒரு மரப் பெஞ்சும் ஒரு சுழல் நாற்காலியும்.

ஊர் சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில். இன்று அந்தச் சாலையில் ஷிப்டு மாறும் நேரத்தில் குறுக்கே நடக்க முடியாது. அன்று நெல்லும் வேர்க்கடலையும்தான் சாலையை அடைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். காலை முதல் பஸ் வந்து நிற்காமலே திரும்பும். கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி இரண்டு தாள்களையும் புழுதியில் வீசுவார். அன்றைய உலகம் எங்கள் ஊரில் வந்து விழும் சத்தம் அது. வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டே அதைக் கேட்பேன்.

கல்லூரியில் எங்கள் வரலாற்று ஆசிரியர் கடைசி வகுப்பில் சொல்லி அனுப்பினார்: "மௌரியர் காலம் எல்லாருக்கும் தெரியும். நேற்று என்ன நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நடப்புச் செய்திதான் உங்களைக் கரை சேர்க்கும்." மூன்று வருடம் மௌரியர்களைக் கட்டிக்கொண்டு அழுத எங்களிடம் அவர் இதைச் சொன்னது கடைசி நாளில்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா உடனே பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

"நான் எதுக்குக் கீறேன்? தெனம் டீ குடிக்கப் போறவன்தானே. பட்சிட்டு வந்து சொல்றேன், நீ எய்திக்கோ."

"நீ எங்க படிக்கிற? எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்பூடும்" என்றாள் அம்மா.

"ஆறினா இன்னா? ஆறின டீயக் குட்சிக்கினே படிப்பேன்."

அப்பா இரண்டு ஏக்கர் வைத்திருந்த விவசாயி. ஐந்தாவது வரை படித்தவர். படிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். அதனால் அவர் படிக்கும் செய்தியை டீக்கடை முழுவதும் கேட்கும். டீக்கடை முழுவதும் அதற்குக் கருத்துச் சொல்லும். செய்தியும் கருத்தும் கலந்த அந்தக் கலவைதான் ஏழரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். நான் நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருப்பேன்.

அந்த ஜனவரியில் வளைகுடாவில் போர் தொடங்கியது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"போட்டாம்மா குண்டு!"

"யாரு நைனா?"

"அல்லாரும்."

"யார் மேல?"

"ஒருத்தன் மேல."

"எதுக்கு?"

அப்பா உட்கார்ந்து விளக்கினார். "வரப்புத் தகராறுதான். பக்கத்து நெலத்துல எண்ண கெடைக்குது. இவன் போயி வேலியப் புடுங்கிட்டு உள்ள பூந்துட்டான். ஊர்ல கீற அல்லாரும் சேர்ந்துக்கினு இவன அடிக்கிறாங்க."

பின்னாளில் அந்தப் போரைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் படித்தேன். அப்பா சொன்னதைவிட அதிகமாக எனக்கு எதுவும் புரிந்துவிடவில்லை. ஆனால் தேர்வுக்கு அது போதாது. நாட்டின் பெயர், தலைநகரின் பெயர், தீர்மானம் போட்ட சபையின் பெயர் என்று எதையும் அப்பா கொண்டுவரமாட்டார். பெயர்கள் அவருக்கு அநாவசியம். யார் பக்கம் நியாயம் என்பதை மட்டும் தவறாமல் கொண்டுவருவார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. டீக்கடைக்கு வந்ததும் செய்தித்தாள் தாள்தாளாகப் பிரிந்துவிடும். முதலில் வந்தவருக்கு முதல் பக்கம், அடுத்தவருக்கு அடுத்தது. மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு அப்பா போய்ச் சேர்வதற்குள் எந்தத் தாள் காலியாக இருக்கிறதோ அதுதான் அவருக்கு. அவர் கைக்குக் கிடைத்த தாள்தான் எனக்கு அன்றைய உலகம். சில நாள் உலகம் முழுக்க சினிமா விளம்பரமாக இருக்கும். சில நாள் கள்ளக்காதல், வெட்டு, குத்து. மார்ச் மாதத்தில் டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தது என்பது அப்பா மூலம் தெரிந்தது. அதன் தொடர்ச்சி வேறு தாளில் இருந்ததால், என் நோட்டில் பல வாரங்களுக்கு இந்தியாவை யாருமே ஆளவில்லை.

என் சிநேகிதிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவளுக்கு வேறு கஷ்டம். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தெருவில் அவள் வீடு. அவளும் என்னோடு படித்து என்னோடு விண்ணப்பம் போட்டவள். அவள் அப்பா சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், வீட்டில் ரேடியோ உண்டு. காலைச் செய்தியை அவள் கேட்டு எழுதுவாள். ஆனால் செய்தி வாசிப்பவரின் வேகத்துக்கு அவள் கை ஓடாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் முன்பாதியை எழுதி முடிப்பதற்குள் பின்பாதி காற்றில் போய்விடும். "பிரதமர் ராஜினாமாவைத் தொடர்ந்து குடியரசுத் தலைவர்" என்று எழுதியிருப்பாள். குடியரசுத் தலைவர் என்ன செய்தார் என்பது இருக்காது.

சாயங்காலம் பள்ளிக்கூட மரத்தடியில் சந்திப்போம். அவளுடைய பாதி வாக்கியங்களையும் என் அப்பாவின் தீர்ப்புகளையும் சேர்த்து வைத்து நடப்புச் செய்தி தயாரிப்போம்.

"உங்க நைனா இதப் பத்தி இன்னா சொன்னாரு?"

"ஆளு சரியில்லன்னாரு."

"எந்த ஆளு?"

"அது தெரியல. உன்கிட்ட இன்னா இருக்கு?"

"ஏழு நாடுகளின் தலைவர்கள் கூடி."

"கூடி?"

"அவ்ளோதான்டி. கூடினாங்க."

நாள் போகப் போக எங்களுக்குத் தேர்வுப் பயம் பிடித்தது. கடைசியில் சிநேகிதிதான் துணிந்து கண்டக்டரிடம் பேசினாள். இரண்டு வீசுகிற கையால் மூன்று வீசுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஏப்ரல் மாதத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு செய்தித்தாள் வந்தது. யாரும் பிரிக்காத, எண்ணெய் படாத, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒழுங்காக அடுக்கிய செய்தித்தாளை நான் முதன்முதலாகக் கையில் வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை.

அதைத் தரையில் விரித்து நாங்கள் குனிந்து படிப்பதைப் பார்த்து அம்மா, "சாமியா கீது அதுல? ரெண்டு பேரும் இப்படி முட்டி போட்டுக்கினு" என்றாள்.

அப்பாவுக்குத்தான் வருத்தம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போல ஏழரை மணிக்கு வருவார், செய்தி சொல்வார். நானும் வழக்கம்போலக் கேட்பேன். ஆனால் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றார் ஒரு நாள்.

"பேப்பர்ல பார்த்தேன் நைனா."

"ஓகோ" என்றார். மறுநாளிலிருந்து அவர் எந்தச் செய்தித்தாளிலும் வராத செய்தியாகத் தேடிக் கொண்டுவர ஆரம்பித்தார். அதற்காகவே முடிவெட்டும் கடைக்கும் போய் உட்கார்ந்தார். படப்பைப் பக்கம் யார் வீட்டு மாடு என்ன கன்று போட்டது, செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்த வேட்பாளர் யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தினமும் தெரிந்தது. அதில் தேர்வு வைத்திருந்தால் எங்கள் தாலுகாவுக்கே நான்தான் தாசில்தார். ஆனால் அந்தப் பாடத்தில் தேர்வு வைப்பதில்லை.

நானும் சிநேகிதியும் செய்திகளை வெட்ட ஆரம்பித்தோம். முக்கியமானவற்றை ஒரு கோப்பில் வைத்தோம். தலைவர்களின் படங்களைக் கஞ்சியில் தோய்த்து எங்கள் வீட்டு உள்ளறைச் சுவரில் ஒட்டினோம். நடுவில் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட பழைய உலக வரைபடம். எந்த ஊரில் மாநாடு, எந்த ஊரில் போர், எந்த ஊரில் ஆட்சி கவிழ்ப்பு என்று சிவப்பு மையால் வட்டம் போட்டு, அங்கிருந்து படத்துக்கு ஒரு கோடு இழுத்திருந்தோம். பார்க்க அழகாக இருந்தது. ஊரில் கல்யாணம் பேச வந்தவர்கள்கூட அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, பொண்ணு ரொம்பப் படித்திருக்கிறது போல என்று சொல்லிவிட்டு வேறு வீடு பார்க்கப் போனார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அந்த மே மாதத்தில் எங்கள் பக்கத்து ஊரில், தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவருக்கு நடந்ததை உலகமே அறியும். நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். அங்கே நடந்தது எங்களுக்கு டெல்லி ரேடியோ வழியாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை பஸ் வரவில்லை, செய்தித்தாள் வரவில்லை. டீக்கடை திறக்கவில்லை. அப்பா போன வேகத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றார். அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"கடை மூடிக் கீது. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. இன்னான்னே தெரியல."

சிநேகிதி ரேடியோவில் கேட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் சொன்னதை அப்பாவிடம் நான் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து கூட்டம் பார்க்கப் போய்த் திரும்பாதவர்களும் இருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் காரில் வந்துகொண்டே இருந்தார்கள். எந்தெந்த நாட்டுத் தலைநகரங்களை நாங்கள் மனப்பாடம் செய்தோமோ, அங்கிருந்தெல்லாம் ஆட்கள் எங்கள் சாலையில் வழி கேட்டுக்கொண்டு போனார்கள். சிநேகிதி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதையும் எழுதணுமாடி?"

"கேள்வி வரும்."

"வரும்தான்" என்றாள். பிறகு நோட்டை மூடிவிட்டாள். நானும் எழுதவில்லை. அடுத்த வருடத் தேர்வுக் கையேடுகளில் எங்கள் பக்கத்து ஊர் ஒரு கேள்விக்கு விடையாக வந்தது. நான்கு ஊர்ப் பெயர்கள் கொடுத்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர் (இ).

சில நாட்கள் கழித்துப் போலீஸ்காரர்கள் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். புதிதாக யாராவது தங்கினார்களா, வாடகைக்குக் கேட்டார்களா என்று கேட்பார்கள். எல்லா ஊரிலும் கேட்டார்கள், எங்கள் ஊரிலும் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர், பேச்சு தெற்கத்திப் பேச்சு. மரியாதையான மனிதர். வாசலிலேயே கேட்டுவிட்டுப் போயிருப்பார். தண்ணீர் கேட்டார். அம்மா எடுக்க உள்ளே போனபோது கதவு திறந்தது. சுவர் தெரிந்தது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். வட்டங்களிலிருந்து தலைவர்களின் முகங்களுக்குப் போன கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். பின்னால் வந்த கான்ஸ்டபிள் வாசலை மறைத்து நின்றார்.

"இது யாரு ஒட்டுனது?"

"நான்தான் சார். பரீட்சைக்கு."

"என்ன பரீட்சை?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா எனக்கு உதவி செய்ய முன்வந்தார். மகளின் பெருமையை ஒரு அதிகாரியிடம் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு வாழ்க்கையில் அதுவரை வாய்க்கவில்லை.

"எம் பொண்ணு சார். எந்தத் தலைவரு எந்த ஊருக்குப் போறாரு, எப்ப வராரு, அல்லாம் அதுக்கு அத்துப்படி சார். தெனம் எய்தி வச்சிக்கினே இருக்கும்."

கான்ஸ்டபிள் நிமிர்ந்து நின்றார். அம்மா கையில் சொம்போடு உறைந்துபோனாள்.

"அப்படியாம்மா?" என்றார் அதிகாரி மெதுவாக. ஒரு வட்டத்தைக் காட்டினார். "இங்க என்ன?"

"அங்கே மாநாடு நடந்துச்சு சார்."

"நீ போயிருக்கியா?"

"தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் போனதில்லை சார்."

"இந்தப் படத்துல இருக்கவரு யாரு?" சொன்னேன். "இவரு?" சொன்னேன். "இந்தக் கோடு?" அவர் எந்த நாட்டு அதிபர் என்பதற்காக என்று சொன்னேன். வட்டம் வட்டமாக அவர் விரல் நகர்ந்தது. பாதி உலகத்தைத் தாண்டியபோது கேள்வியின் தொனி மாறிவிட்டதைக் கவனித்தேன்.

"நார்வேக்குத் தலைநகரம்?"

"ஆஸ்லோ."

"மங்கோலியா?"

"உலான் பாதர்."

"உலக வங்கி எங்க இருக்கு?"

"வாஷிங்டன் சார்."

"பரவாயில்லயே" என்றார். நான் எழுதிய எந்தத் தேர்விலும் அவ்வளவு பயத்தோடு அவ்வளவு சரியான விடைகளைச் சொன்னதில்லை. கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். உலான் பாதரை எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் தலைப்புப் போட்டு, முக்கிய வரிகளை அடிக்கோடிட்டு வைத்திருந்தோம். பெருமூச்சு விட்டார்.

"எங்க கொழுந்தியாளும் இந்தப் பரீட்சைதான் எழுதுதா. ஒரு எழவும் படிக்க மாட்டேங்கா. இதை நான் கொண்டுபோறேன் என்ன? பார்த்துட்டுக் குடுத்து அனுப்புதேன்."

கோப்பு போனது. திரும்பி வரவில்லை. விசாரணைக்குப் போனதா கொழுந்தியாளுக்குப் போனதா என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் டீக்கடை திறந்ததும் அப்பா அங்கே போய், தன் மகள் எழுதியதைப் போலீஸே வாங்கிப் படிக்கிறது என்று சொன்னார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்களாம்.

அதிகாரி வந்துபோன அன்று மத்தியானமே அம்மா சுவரைக் கழுவினாள். "பேப்பரும் வேணாம், பரிச்சையும் வேணாம். போலீஸ இட்டுக்கினு வர மூஞ்சிங்கள வூட்ல ஒட்டி வச்சிக்கினு" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். தலைவர்கள் எல்லோரும் பெயர்ந்து வந்துவிட்டார்கள். வரைபடத்தில் ஆப்பிரிக்கா மட்டும் சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை அங்கேயே இருந்தது.

எங்கள் செய்தித்தாள் நின்றது. மறுபடியும் அப்பாவின் சேவை தொடங்கியது. அவருக்கு உள்ளூர சந்தோஷம்.

ஜூலையில் புதிய அரசாங்கம் தொழிற்சாலை தொடங்குவதற்கான உரிமங்களை நீக்கி ஒரு கொள்கையை அறிவித்தது. அதே நேரத்தில் பட்ஜெட்டில் உரத்தின் விலையை ஏற்றியது. அப்பா இரண்டில் ஒன்றைத்தான் கொண்டுவந்தார்.

"யூரியா வெலய ஏத்திட்டாம்மா. மனுசன் பயிர் வெக்கறதா வேணாமா?"

"வேற என்ன நைனா போட்டிருக்கு?"

"வேற இன்னா? அதான் சொன்னேனே, யூரியா."

கொள்கை என்னிடம் வந்த விதம் வேறு. அப்பா வாங்கிவந்த மசால்வடைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, தாளில் அந்த அறிவிப்பு இருந்தது. வடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். எந்தெந்தத் தொழில்களுக்கு இனி உரிமம் தேவையில்லை என்பது எண்ணெய்க்குள் போயிருந்தது. சிநேகிதியிடம் கேட்டேன். அவள் ரேடியோவில் பிடித்த பாதியும் நான் வடையில் பிடித்த பாதியும் சேர்ந்து நான்கு குறிப்புகள் தேறின. ஒரு மதிப்பெண் கேள்வியாக வரலாம் என்று நினைத்தோம். மனப்பாடம் செய்தோம். அது யாருடைய நிலத்தைப் பற்றிய செய்தி என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் நிலத்து வரப்பில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம், அவ்வளவு பக்கத்தில் இருந்தோம்.

அந்த வருடக் கடைசியில் காஞ்சிபுரத்தில் தேர்வு எழுதினோம். உலகம் எங்கள் தேர்வுக்காகக் கொஞ்சமும் காத்திருக்கவில்லை. சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்தது. கேள்வித்தாள் எப்போதோ அச்சடித்தது போலிருக்கிறது. அதில் ஒரு கேள்வி: சோவியத் யூனியனில் உள்ள குடியரசுகள் எத்தனை?

வெளியே வந்ததும் சிநேகிதி என் கையைப் பிடித்தாள்.

"எத்தனைன்னு போட்ட?"

"பதினஞ்சு."

"அய்யோ! மூணு நாடு பிரிஞ்சி போயிட்டுதுடி. நான் பன்னெண்டு போட்டேன்."

"கேள்வி கேட்டவருக்கு அது தெரியுமா?"

"தெரியாமயா கேப்பாரு?"

"தெரிஞ்சா கேட்டிருக்கவே மாட்டாரு."

பஸ் வரும்வரை சண்டை போட்டோம். பஸ்ஸிலும் போட்டோம். விடைத்தாள்களைத் திருத்துவதற்குள் அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. இல்லாத நாட்டின் குடியரசுகளை எண்ணியதற்கு எங்களில் யாருக்கு மதிப்பெண் கிடைத்ததோ தெரியாது. இருவரும் தேறினோம். சிநேகிதி ராமநாதபுரம் பக்கம் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனாள். எனக்கு அடுத்த வருடம் பக்கத்திலேயே ஒரு நில எடுப்பு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது.

அங்கே யாரும் என்னிடம் ஒரு தலைநகரத்தைக்கூடக் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு செய்தித்தாள் வரும். முதலில் பெரிய அதிகாரி படிப்பார். பிறகு கண்காணிப்பாளர், பிறகு பழைய எழுத்தர்கள், அப்புறம் வரிசைப்படி. என் மேஜைக்கு அது வரும்போது மணி நாலாகியிருக்கும், குறுக்கெழுத்துப் போட்டியை யாரோ தப்புத்தப்பாக நிரப்பியிருப்பார்கள்.

சில வருடங்கள் கழித்து எங்கள் சாலையில் ஒவ்வொரு ஊராகத் தொழிற்பேட்டை வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்கு மண் கொட்டினார்கள். பிறகு எங்கள் பக்கம். ஒருநாள் என் மேஜைக்குத் தட்டச்சுக்கு வந்த அறிவிப்பில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. சர்வே எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அப்பாவின் இரண்டு ஏக்கரும் வரிசையில் வந்தது. பிழையில்லாமல் அடித்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன்.

"நைனா, நம்ம நெலத்த எடுக்கப் போறாங்க. ஃபேக்டரிக்கு."

அப்பா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். "யார் சொன்னது?"

"நானே டைப் அடிச்சேன்."

"பேப்பர்ல வரலியேம்மா."

"இனிமேதான் வரும்."

"வந்தா பாப்போம். நீ ஆபீஸ்ல பேசிக்கறதெல்லாம் வச்சிக்கினு பயந்துக்காத. வேற எதுனா ஊரா இருக்கும்." மறுநாள் காலை டீக்கடைக்குப் போய் ஒவ்வொருவர் கையிலிருந்த தாளையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து அம்மாவிடம், "ஒண்ணியும் காணோம். நல்லா தேடிட்டேன்" என்று தைரியம் சொன்னார். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் செய்தி இருந்தது, செய்தித்தாளில் இல்லை. அப்பா செய்தித்தாளைத்தான் நம்பினார். நாற்றங்காலுக்கு உழவு ஓட்டினார். நான் மறுபடி சொல்லிப் பார்த்தேன். அம்மா நம்பினாள். கொல்லையில் நின்று அழுதாள். அவள் அழுததையும் அப்பா வதந்தி என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் அலுவலக வாசலில் என்னை யாரோ தேடுவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அப்பா. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் மடித்த செய்தித்தாள் ஒன்று இருந்தது. டீக்கடையிலிருந்து இரவல் வாங்கியதல்ல. அவரே காசு கொடுத்து வாங்கிய முழுத் தாள்.

"வந்துட்சிம்மா" என்றார். எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்ல வந்தவர் மாதிரியே மூச்சு வாங்கினார். "உள்பக்கத்துல பொடி எய்த்துல போட்டுக்கீறான். எனக்குக் கண்ணு தெரியல. நீ படி."

வேப்பமரத்தடியில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அடித்த அதே வரிகள். என் தட்டச்சில் இல்லாத ஓர் அச்சுப்பிழை மட்டும் ஊர்ப் பெயரில் சேர்ந்திருந்தது. முதல் வரியிலிருந்து படித்தேன். மாவட்டம், வட்டம், கிராமம், பொதுக் காரியம். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சர்வே எண்களை வரிசையாகப் படித்தபோது ஒவ்வொன்றும் யாருடைய நிலம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் எண்ணைப் படித்தேன். தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த எண்ணுக்கு மறுபடி, "அது கெணத்துமோட்டுக்காரு நெலம்" என்றார்.

முடித்துவிட்டுத் தாளை மடித்தேன். நாற்று விட்டிருக்கிறாரே, அதை என்ன செய்வதென்று கேட்க நினைத்தேன். ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மதிய இடைவேளை முடிந்து உள்ளே மணி அடித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

அப்பா என் கையிலிருந்து செய்தித்தாளை வாங்கி, முதல் பக்கத்துக்குத் திருப்பி, மறுபடி என்னிடமே கொடுத்தார்.

"மத்ததெல்லாம் இன்னா போட்டுக்கீறான்னு படி. முழுசா வாங்கியாந்துட்டேன்ல."